இலுப்பைப்பூ உதிரும் நேரம்

மலையடிவாரக் காட்டில், தாமரைக் குளத்துக்கு மேற்கே, இளைப்பாறு சோலை என்று ஓர் இடம் இருந்தது. ஓடி அலுத்த கால்களுக்கும் பல் போன வாய்களுக்கும் அதுதான் வீடு. செசிலி என்ற மான், அந்தோணி என்ற கரடி, பாக்கியம் என்ற குரங்கு, அருளப்பர் என்ற ஆமை, நால்வரும் அங்கே ஒரே மூங்கில் புதருக்குள் குடியிருந்தார்கள்.

நால்வரிலும் பெரிய பயந்தாங்கொள்ளி செசிலிதான். சருகு புரண்டால் போதும், காது நிமிரும். தன் நிழல் முன்னால் விழுந்தால்கூட ஓரடி பின்வாங்குவாள்.

"செசிலி, உன் வால் உன் பின்னாலேயே வருது, பார்த்துக்கோ!" என்று பாக்கியம் கேலி செய்வாள்.

போன மழைக்காலத்தில் அருளப்பர் குளக்கரைச் சேற்றில் சறுக்கி, ஒரு பகல் முழுக்க மல்லாந்து கிடந்துவிட்டார். அன்றிலிருந்து மற்றவர்களையும் பயம் பிடித்துக்கொண்டது. "நம்மைப் பார்த்துக்க ஒருத்தர் வேணும்" என்று பேசிக்கொண்டார்கள். பேசிய வாயை மூடவில்லை, தவசி என்ற நரி வந்து நின்றான்.

"நான் இருக்கேன்! இனிமே நீங்க கவலையே படக்கூடாது. பட வேண்டிய கவலையெல்லாம் நான் படுறேன்!"

அன்று முதல், வெயில் நன்றாக ஏறியபின் தவசி வருவான். புதர் வாசலில் நின்று தொண்டையைக் கனைப்பான். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்வார்கள்.

"இன்றைய ஆபத்து, தேனீ!"

"ஐயோ! நேத்து என்ன சொன்னே தம்பி?" என்று அருளப்பர் கேட்பார். அவருக்கு மறதி.

"நேத்து மேல்காத்து. முந்தாநாள் தளிர் இலை. வயித்தைக் கடுக்கும்!"

"பாரேன், தளிர்கூட இப்போ நல்லதில்லையாம்!" என்று பாக்கியம் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். பிறகு பொழுது சாயும்வரை அதையே பேசித் தீர்ப்பார்கள். ஆபத்து கேட்காத நாள் அவர்களுக்கு விடிந்த நாளாகவே தோன்றாது.

பங்குனி பிறந்தது. புங்கமரம் பளபளவென்று துளிர்த்தது. குயில் ஓயாமல் கூவியது. குளக்கரையின் பெரிய இலுப்பை மரம் பூத்தது. தவசி உடனே ஒரு சட்டம் போட்டான்.

"சூரியன் உச்சிக்கு வர்றவரைக்கும் யாரும் புதரைவிட்டு வெளியே வரக்கூடாது. காலைப் பனி மூட்டுக்கு ஆகாது!"

எல்லோரும் தலையாட்டினார்கள். உச்சிப் பொழுதில் வெளியே வந்தால் தரை கொதித்தது. இலுப்பை மரத்தடியில் நசுங்கிய தோலும் எறும்பும்தான் கிடந்தன. இலுப்பைப்பூ விடியலில் உதிரும். வெயில் வருமுன் பொறுக்கினால்தான் உண்டு. வாலிபத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். பயத்தில் அதுவும் மறந்துபோயிற்று.

அந்தோணிக்கு மட்டும் மறக்கவில்லை. அவருக்கு ஒரு பல்கூட இல்லை. தவசி கொண்டுவந்து போடும் காய்ந்த கிழங்கை அவரால் மெல்ல முடியவில்லை. நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தார். தோல் மட்டும் பெரிய கம்பளி மாதிரி தொங்கியது.

"செசிலி தங்கச்சி, இலுப்பைப்பூன்னா பல்லே வேண்டாம். நாக்குல வச்சா போதும், கரைஞ்சிடும்" என்றார் ஒருநாள். "இந்த வருஷம் அதைத் தின்னாமலே போய்ச் சேர்ந்துடுவேன்போல."

செசிலி புதருக்குள்ளிருந்தே இலுப்பை மரத்தை எட்டிப் பார்த்தாள்.

மறுநாள் தவசி வந்தபோது காற்று அவன் பக்கமிருந்து வீசியது. செசிலியின் மூக்கு விடைத்தது. தவசியின் மீசையெல்லாம் இலுப்பைப்பூ வாசம்!

"தம்பி, உன் மேல பூ வாசம் அடிக்குதே?"

தவசி ஒரு கணம் விழித்தான். உடனே முகத்தைச் சோகமாக்கிக்கொண்டான். "ஆமாம் செசிலியம்மா. இந்த வருஷப் பூவில் விஷம்னு கேள்வி. உங்களுக்காக நானே தின்னு பார்த்தேன்!"

"எத்தனை தின்னே?"

"வயிறு முட்ட. ஒண்ணு ரெண்டு தின்னா தெரியாதே!"

"எவ்வளவு நல்ல மனசு! நமக்காக உயிரையே கொடுக்கிறான்!" என்று அருளப்பர் கண் கலங்கினார்.

"நாளைக்கும் தின்னு பார்ப்பேன். என் கடமை!" என்று சொல்லிவிட்டு தவசி ஏப்பம் விட்டான்.

செசிலி அந்த வாசத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருவேளை விஷமாகவே இருந்தால்? ஒருவேளை தவசி கோபித்துக்கொண்டு போய்விட்டால்? ஒருவேளை, ஒருவேளை என்றே அன்றைய பொழுது போயிற்று. மாலையில் அந்தோணி தண்ணீர் குடிக்க எழுந்தார். முன்கால் மடிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரவு முழுக்க எழ முடியவில்லை.

மறுநாள் கிழக்கு வெளுத்ததும் செசிலி புதரைவிட்டு வெளியே கால் வைத்தாள். நான்கு காலும் நடுங்கின. ஒவ்வொரு அடிக்கும் நின்றாள், மோந்தாள், பிறகு அடுத்த அடி வைத்தாள். பனி மூட்டைக் கடிக்கவில்லை. ஈரப் புல் குளம்புக்கு இதமாகவே இருந்தது.

இலுப்பை மரத்தடி வெள்ளை வெளேரென்று கிடந்தது. 'பொத், பொத்' என்று பூக்கள் விழுந்துகொண்டிருந்தன. நடுவில் தவசி, இரண்டு மச்சான்களைக் கூட்டிவைத்து விருந்து நடத்திக்கொண்டிருந்தான்!

"செசிலியம்மா! நீங்களா? உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று திடுக்கிட்டுக் கேட்டான்.

"இருக்குப்பா. முழங்காலைப் பாரு, எப்படி ஆடுது!"

"அப்போ திரும்பிப் போங்க! புலி வாசனை வருது!"

செசிலி மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தாள். "புலியும் இல்லை, புனுகும் இல்லை. உன் ஏப்பம்தான் வருது."

மச்சான்கள் சிரித்துவிட்டார்கள். தவசி பல்லைக் கடித்தான். "சரி, கூட்டிட்டு வாங்க எல்லாரையும்! அந்தோணி தடுக்கி விழுந்தா? அருளப்பர் மறுபடி கவிழ்ந்தா? யார் பொறுப்பு? நீங்களா?"

இந்தக் கேள்வி செசிலியைக் குத்தியது. மூன்று குட்டிகளை வளர்த்தவள் அவள். அன்றும் தினம் விடியலில் இதே கேள்விதான். வெளியே கூட்டிப் போய் ஏதாவது ஆகிவிட்டால்? ஆனால் புதருக்குள்ளேயே வைத்திருந்தால் குட்டிகள் பசியில் வாடியிருக்கும். நடுங்கிக்கொண்டேதான் அவற்றை மேய்ச்சலுக்கு நடத்திப் போனாள். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தபோது அவை மேய்ந்தன. கூட மேய்ந்த அவளுடைய அக்கா தலையைத் தூக்கியபோது அவள் மேய்ந்தாள். பயமில்லாமல் ஒரு நாள்கூட அவள் மேய்ந்ததில்லை. அதற்காக மேயாமலும் இருந்ததில்லை.

"நான்தான் பொறுப்பு" என்றாள் செசிலி.

குனிந்து ஒரு வாய்ப் பூவை அள்ளினாள். தேன் நாக்கில் இறங்கியது. விழுங்கிவிடாதே, விழுங்கிவிடாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓடினாள். அந்தோணியின் முன்னால் பூவைத் துப்பினாள்.

அந்தோணியின் மூக்கு முதலில் விழித்தது. பிறகு நாக்கு நீண்டது. பூ கரைந்தது. அவர் கண்ணைத் திறந்து, "இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"மிச்சம் மரத்தடியில இருக்கு. நடந்து வந்தா உண்டு!"

"தவசி திட்டுவானே?"

"தவசி வயிறு முட்டத் தின்னுட்டு உட்கார்ந்திருக்கான், அண்ணே! திட்ட அவனுக்கு மூச்சில்லை!"

அதைக் கேட்டதும் பாக்கியம் எம்பிக் குதித்தாள். "அந்தக் கடமைதானா அது! அடப்பாவி, நான் கன்னத்தில் வேற போட்டுக்கிட்டேனே!"

நால்வரும் கிளம்பினார்கள். அந்தோணி செசிலியின் முதுகில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். சேறு உள்ள இடத்தில் அருளப்பரைச் சுற்று வழியாக நடத்தினார்கள். போகும்போதே செசிலி முறை வகுத்தாள். ஒருவர் தலையைத் தூக்கிக் காவல் பார்க்க வேண்டும், மற்றவர்கள் தின்ன வேண்டும், பிறகு மாற வேண்டும். மரத்தின் மேலிருந்து பார்க்கப் பாக்கியம், மோந்து பார்க்கச் செசிலி, தரையின் அதிர்வை வயிற்றால் அறிய அருளப்பர்.

"நான்?" என்றார் அந்தோணி.

"நீங்க முதல்ல தின்னுங்க!"

நால்வரையும் கண்டதும் தவசியும் மச்சான்களும் மரத்தின் மறுபக்கம் ஒதுங்கிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் பாக்கியத்தின் முறை. திடீரென்று, "சிறுத்தை! அக்கரையில் சிறுத்தை!" என்று கத்தினாள்.

செசிலியின் உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனாலும் ஓடவில்லை. அந்தோணியை முட்டி முட்டிப் புதருக்குள் தள்ளினாள். அருளப்பர் இருந்த இடத்திலேயே கல்லாகிப்போனார். சிறுத்தை தண்ணீர் குடித்தது, சோம்பல் முறித்தது, வந்த வழியே போயிற்று. செசிலி வெகுநேரம் மோந்து பார்த்தாள். "போயிடுச்சு" என்றாள்.

"அப்போ பூ?" என்றார் அந்தோணி. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத் திரும்பவும் மரத்தடிக்குப் போனார்கள்.

வெயில் ஏறியபின் தவசி வந்தான். சிறுத்தை என்ற சத்தம் கேட்டதுமே மச்சான்களோடு மலையுச்சிக்கு ஓடியவன் அப்போதுதான் இறங்கி வந்திருந்தான். "இன்றைய ஆபத்து..." என்று ஆரம்பித்தான்.

"பார்த்தாச்சு தம்பி! தண்ணி குடிச்சிட்டுப் போயிடுச்சு" என்றாள் பாக்கியம். "நீ எங்கே போயிருந்தே?"

தவசி மண்ணைக் கீறினான்.

"நாளைக்கு உன் முறை" என்றாள் செசிலி. "அந்தப் பாறை மேல நின்னு பாரு. முறை முடிஞ்சா உனக்கும் பூ உண்டு."

மறுநாள் விடியலில் தவசி பாறைமேல் எச்சில் ஊற நின்றான். கீழே அந்தோணி இருகையாலும் பூவை அள்ளி அள்ளித் தின்றார். குயில் கூவியது. மரத்தில் இன்னும் பத்து நாளைக்குப் பூ இருந்தது. செசிலியின் முழங்கால் அன்றும் நடுங்கத்தான் செய்தது. அவள் தின்றுகொண்டே நடுங்கினாள்.

தன் பயத்தை அடுத்தவர் கையில் ஒப்படைப்பவர் தன் வசந்தத்தையும் அவருக்கே கொடுத்துவிடுகிறார், நடுங்கிக்கொண்டாவது ஓரடி எடுத்து வைப்பவரோ அதைத் தானே அனுபவிக்கிறார்.