இன்னும் கொஞ்சம் ஆக்சிஜன்

தெற்கே ஒரு தாலுகா ஆஸ்பத்திரி. அங்கே பச்சைக் குழந்தைகள் வார்டுக்குப் பெரிய டாக்டர் ஜெபகனி. அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் டாக்டர் மாசிலாமணி. இங்கே சீடர்தான் வயதில் மூத்தவர். அதனால் குரு அவரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவார்; அவர் குருவை மேடம் என்பார்.

குறைமாதப் பிள்ளைகளுக்கு மூச்சு கொடுக்கிற மெஷின் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் மாசிலாமணியே ஒன்று செய்தார். ஆக்சிஜன் குழாயில் ஒரு கிளை பிள்ளையின் மூக்குக்கு, இன்னொரு கிளை தண்ணீர் பாட்டிலுக்குள். தண்ணீர் குமிழிவிட்டுக்கொண்டிருக்கிற வரை பிள்ளையின் நுரையீரல் சுருங்காது. ஆக்சிஜனோடு காற்றைக் கலந்துவிடுகிற கருவி மட்டும் இல்லை. அதற்கு எங்கே போவது?

இசக்கியம்மாளின் ஆண்பிள்ளை அதில்தான் பிழைத்தான். நீலம் பாரித்துக் கிடந்தவன் சிவந்து வந்ததைப் பார்த்து வார்டே பூரித்துப்போனது. மாசிலாமணி சந்தோஷத்தில் ஆக்சிஜனை இன்னும் கொஞ்சம் திறந்துவைத்தார். செக்கச்செவேலென்று கிடக்கட்டுமே என்று நினைத்தார், பாவி மனுஷன். ஆக்சிஜன் அதிகமானால் குறைமாதப் பிள்ளைக்குக் கண் போய்விடும் என்று படித்தவர்தான். அந்த நேரத்தில் அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வந்தது?

பிள்ளைக்குத் தலை நின்ற பிறகு இசக்கியம்மாள் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு மாசிலாமணி பெயரையே வைத்திருந்தாள். சத்தம் கேட்டால் சிரிக்கிறான், முகத்தை மட்டும் பார்க்க மாட்டேனென்கிறான் என்றாள். ஜெபகனி டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் கருமணி வெள்ளையாகத் தெரிந்தது.

மாசிலாமணி நழுவப் பார்த்தார். குரு அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தாயிடம் விஷயத்தைச் சொன்னார், காரணத்தையும் மறைக்காமல். இசக்கியம்மாள் திட்டவில்லை. வேறு டாக்டரிடம் காட்டினால் சரியாகுமா என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். மாசிலாமணிக்குத் தாங்க முடியவில்லை.

அவள் போனதும் கேட்டார்.

"மேடம், நான் அந்தப் பிள்ளையைக் காப்பாத்தினேனா, கெடுத்தேனா?"

"ரெண்டும்தான், அண்ணாச்சி."

இனிமேல் அந்தப் பாட்டிலைத் தொட மாட்டேன் என்றார் அவர். சொல்லி வாய் மூடவில்லை, பிரசவ வார்டிலிருந்து இன்னொரு குறைமாதப் பிள்ளையைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு உள்ளே குழிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் வழியிலேயே முடிந்துவிடும்.

ஜெபகனி பாட்டிலில் தண்ணீர் நிரப்பினார். ஆக்சிஜனை முடிந்த மட்டும் குறைத்துவைத்தார். மாசிலாமணி சுவரோடு ஒட்டி நின்றார்.

"இவனுக்கும் கண்ணு போச்சுன்னா?"

குரு திரும்பிப் பார்க்கவில்லை.

"போகலாம். போனா, இவன் அம்மாகிட்டயும் நாமதான் உக்காந்து சொல்லணும். வாங்க, குழாயைப் பிடிங்க."