சுவரைத் தள்ளிய செவ்வந்தி

சிங்காரவேலு முதலாளியின் ஜவுளிக்கடையில் உட்காரும் பாக்கியம், கல்லாவில் மெத்தை போட்டிருந்த அவருக்கு மட்டும்தான். புடவை விற்கும் பெண்கள் நாளெல்லாம் நிற்க வேண்டும்.

அவர்களில் செவ்வந்திக்குக் குதிகாலில் ஆணி அடித்தாற்போல் வலி. "டாக்டர் அப்பப்போ உட்காரச் சொல்றாரு. ஒரு ஸ்டூல் போடுங்க, ஐயா" என்றாள்.

"ஸ்டூல் போட இடமேது? உட்காராமலே வலியைப் போக்கிக்கோ. முடியலேன்னா நாளைக்கு வராதே!"

"சரிங்க ஐயா" என்றவள் டாக்டர் சொன்ன பயிற்சியைத் தொடங்கினாள். கைகளைச் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் அழுத்தினாள். கல்யாணப் புடவை எடுக்க வந்த கூட்டம் திகைத்தது.

"ஏம்மா சுவரைத் தள்ளுறே?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"ஸ்டூல் போட இடமில்லைன்னு முதலாளி வருத்தப்படுறாரு. அதான் கடையைக் கொஞ்சம் பெரிசாக்குறேன்."

கடையே சிரித்தது. சாயங்காலமே ஸ்டூல்கள் வந்திறங்கின. செவ்வந்தி உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு சொன்னாள்: "தள்ளினதுல எவ்வளவு இடம் கிடைச்சிருக்கு பாத்தீங்களா, ஐயா!"