கடைசி வரியில் எரர்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தாறு.

குரு பூங்கொடி, ஈரோட்டில் ஒரு பேட்டரிக் கடையின் மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வந்தாலும் லினக்ஸ் என்ற இலவசக் கணினி இயங்குதளத்தைச் சொல்லிக்கொடுப்பாள். சீடர் ஆறுச்சாமி, பழைய இயந்திரம் வாங்கி விற்கும் தரகர். படிப்பு ஐந்தாவதோடு சரி. மாட்டுச்சந்தையில் வைக்கோல் சுமந்து, துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசப் பழகி, அடிபட்டு மேலே வந்தவர். அவர் குரலை உயர்த்தினால் விற்க வந்தவன் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவான் என்று சந்தையில் சொல்வார்கள்.

அந்த ஞாயிறு அவர் மடிக்கணினியை மேசைமேல் வைத்த வேகத்தில் டீ டம்ளர் ஆடியது.

"இது பொய் பேசுது அம்மிணி."

"என்ன சொல்லுதுங்கண்ணா?"

"எரர் ரெண்டுங்குது. நாலு நாளா எதைப் பண்ணினாலும் கடைசியில எரர் ரெண்டு. அப்ப ஒண்ணு எங்க போச்சு?"

பூங்கொடி சிரிக்கவில்லை. நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

விஷயம் இதுதான். பூட்டிக் கிடந்த ஓர் அச்சகத்தின் ஏலச் சரக்கில் ஆறுச்சாமிக்கு ஒரு பிரெய்ல் அச்சு இயந்திரம் கிடைத்திருந்தது. பார்வையில்லாதவர்கள் விரலால் தடவிப் படிக்கிற புள்ளிகளைக் காகிதத்தில் குத்தித் தருவது. செய்த கம்பெனி இப்போது இல்லை. அதை ஓட்டும் மென்பொருளை எங்கோ கண்காணாத ஊரில் ஒருத்தர் எழுதி, எல்லோருக்கும் பொதுவில் வைத்திருந்தார். ஆனால் மூலநிரலாகத்தான் வைத்திருந்தார். ஆக்கிய சோறு இல்லை, அரிசியும் பருப்பும். இறக்கிக்கொண்டு நாமே ஆக்கிக்கொள்ள வேண்டும்.

"யாருக்குங்க இது?" என்றாள் பூங்கொடி.

"என் தம்பி நாச்சிமுத்துக்கு. பொறந்ததுல இருந்து கண்ணு தெரியாது. பாட்டு வாத்தியாரு. எங்களுக்குள்ள பேச்சு நின்னு நாலு வருஷம் ஆச்சு. போன் போட்டா என் குரலைக் கேட்டதும் வெச்சுடறான். கடுதாசி போட்டா வேற யாராவதுதான் படிச்சுக் காட்டோணும். இதை இன்னொருத்தர் வாயால அவன் கேக்கக் கூடாது. அவன் விரலு மட்டும் படிக்கோணும்."

"வெளியே குடுத்து அடிச்சு வாங்கலாமே."

"அடிக்கறவன் படிப்பானே."

அவர் டீயை ஒரே மடக்கில் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"மாசக் கடைசி சனிக்கிழமை மகளோட பூனேவுக்குக் குடி போறான்" என்றார் ஆறுச்சாமி. "அப்புறம் எங்க போய்த் தேடறது. நீங்க உக்காந்து ஒரு பத்து நிமிசம் தட்டுங்க, முடிஞ்சுடும்."

"நான் தட்டினா என் கைக்கு வரும். மறுபடி நின்னா மறுபடி நான் வரணும்."

"சரி, நான் தட்டறேன். சொல்லுங்க."

"'என்னைப் படி'ன்னு ஒரு கோப்பு கூடவே வந்திருக்குமே, படிச்சீங்களா?"

"பேரே அதிகாரமா இருந்துச்சு. படிக்கலைங்க."

அவர் செய்ததை ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள். முதல் படியில் கம்ப்யூட்டர் 'இது இருக்கிறதா, அது இருக்கிறதா' என்று வரிசையாகக் கேட்கும். ஆறுச்சாமி இணையத்தில் ஒரு வித்தை பிடித்திருந்தார். எது இல்லை என்று சொன்னாலும் 'அது இல்லாமல் முடி' என்று கட்டளையில் ஒரு சொல் சேர்த்துவிடுவது. அப்படி நான்கு இடத்தில் சேர்த்திருந்தார்.

"இதெல்லாம் ஏன் வேண்டாம்னீங்க?"

"கேக்கறதையெல்லாம் குடுத்தா யாவாரம் ஆகுமா? முதல்ல நாலு கேப்பான். ரெண்டுல முடிக்கோணும்."

"நாலாவதா வேண்டாம்னு தள்ளியிருக்கீங்களே, அது தமிழ் எழுத்துப் பட்டியல்."

ஆறுச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"சரிங்க" என்றார். "அதை வெச்சுக்கலாம்."

"நாலையும் வெச்சுக்கலாம்."

"மூணு."

பூங்கொடி நான்கு விரலைக் காட்டினாள். அவர் தான் சேர்த்த நான்கு சொல்லையும் எடுத்துவிட்டு, கோப்புகள் கிடந்த அடைவையே அழித்து, இறக்கியதை முதலிலிருந்து பிரித்துப் போட்டார். மறுபடி ஓட்டினார். எழுத்துகள் மழைபோல் இறங்கின. கடைசியில் நின்றது.

"பாருங்க. எரர் ரெண்டு." அவர் எழுந்து நின்றுவிட்டார். "நாலையும் குடுத்தாச்சு. அப்பவும் அதே பேச்சு. இவன்கிட்ட நேர்மை இல்லீங்க."

"அண்ணா, நீங்க சந்தையில விலை பேசறப்ப எதை நம்புவீங்க?"

"கடைசி விரலை. துண்டுக்குள்ள முதல்ல பிடிக்கறதெல்லாம் காத்து. ஆளை ஆழம் பாக்கறது. கடைசியா எந்த விரலைப் பிடிச்சு அமுக்கறானோ, அதான் பேச்சு."

"ம்."

அவள் திரையில் ஓடியது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேமிக்கச் சொன்னாள். மூலையில் கீழ்க்கடைக்குப் பில் அடிக்கிற பழைய பிரிண்டர் இருந்தது. ஓரம் துளையிட்ட நீளத் தாள் போட்டது. கோப்பை அதற்கு அனுப்பச் சொன்னாள். அது கரகரவென்று இரைந்துகொண்டு முதல் வரியை வெளியே தள்ளியது.

"நுனியைப் பிடிச்சுக்கிட்டு நடங்க" என்றாள்.

"எங்க?"

"தாள் வர்ற வரைக்கும்."

ஆறுச்சாமி இரண்டு கையாலும் நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அறை முடிந்தது. நடைவழி முடிந்தது. தாள் நிற்கவில்லை. படியில் இறங்கினார். பேட்டரிக் கடைக்காரர் அமில டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "என்னங்க, சீதனப் பட்டியலா?" என்று கேட்டார். ஆறுச்சாமி முறைத்தார். தெருவாசலுக்கு வந்தபோது மேலே இரைச்சல் நின்றது.

"எரர் ரெண்டு இப்ப எங்க இருக்கு?" மாடியிலிருந்து பூங்கொடியின் குரல் வந்தது.

"உங்ககிட்ட."

"உங்க கையில?"

"என்னென்னமோ இருக்கு."

"எரர்ங்கற சொல்லு முதல்ல எங்க வருது?"

அவர் விரல் வைத்துத் தடவிக்கொண்டே போனார். "நுனியில இருந்து ஒரு முழத்துல வருது."

"படிங்க."

அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். பேட்டரிக் கடைக்காரரும் எட்டிப் பார்த்துக் கூடவே கூட்டினார். ஏதோ ஒரு சின்னக் கோப்பின் பெயர். அப்படி ஒன்று இங்கே இல்லை என்று எழுதியிருந்தது.

"யூஎஸ்பி கோப்பு ஒண்ணு இல்லைங்குது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்." தாளைத் தூக்கிப் படிக்கட்டைப் பார்த்தார். மேலே போகும் வழியெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. "அப்ப மீதி இத்தனையும்?"

"அது இல்லாததால வந்தது."

ஆறுச்சாமி தாளை மடித்துக்கொண்டே படியேறினார். அந்தக் கோப்பு எந்த மென்பொருள் பொதிக்குள் இருக்கிறது என்று தேடுவது எப்படி என்று அவள் சொன்னாள். அவரே தேடினார். அவரே நிறுவினார். மறுபடி ஓட்டினார்.

எழுத்துகள் இறங்கின. நின்றன.

எரர் ரெண்டு.

மடிக்கணினியின் மூடியைப் பிடித்துவிட்டார். அறைந்து மூடியிருப்பார்.

"கடைசி வரி மாறலை" என்றாள் பூங்கொடி. "முதல் வரி?"

மூடியைப் பிடித்த கை அப்படியே நின்றது. மற்றொரு கையால் மேலே உருட்டினார். வெகுதூரம் உருட்டினார்.

"மாறியிருக்கு" என்றார். குரல் இறங்கியிருந்தது. "யூஎஸ்பியைக் காணோம். இப்ப வேற என்னமோ கேக்குது."

"நல்லதுங்கண்ணா. ஒரு படி ஏறியாச்சு."

அன்று மாலைக்குள் கடைசி வரி அதே வார்த்தையை ஆறு முறை சொன்னது. முதல் வரி ஆறு முறையும் வேறாக இருந்தது. ஏழாவது முறை ஓட்டியபோது ஒன்றும் சொல்லாமல் நின்றது. ஆறுச்சாமி அடுத்த திட்டுக்குத் தயாராகக் காத்திருந்தார்.

"ஏன் பேச்சையே காணோம்?"

"முடிஞ்சுதுங்க. நல்லா முடிஞ்சா அது ஒண்ணும் சொல்லாது."

அடுத்த ஞாயிறு பிரெய்ல் இயந்திரத்தையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கடிதம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. பூங்கொடி முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எத்தனை பக்கங்க?"

"ஒம்பது."

"பெரிய கடுதாசிதான்."

"பின்னே? அவன் சொன்னதுக்குப் பதில் சொல்ல வேண்டாமா? 'இனிமே உன் குரலு என் காதுல விழக் கூடாது'ன்னான். கூடப் பொறந்தவனைப் பாத்து. நாலு ஊர்ச்சனத்துக்கு முன்னாடி. அது எத்தனை பெரிய தப்புன்னு ஒண்ணு விடாம எழுதியிருக்கேன்."

அவள் சன்னலைப் பார்த்தபடியே இருந்தாள். கீழே பேட்டரிக் கடைக்காரர் யாரிடமோ வாயாடிக்கொண்டிருந்தார்.

"அதுக்கு மேல?" என்றாள்.

"மேலன்னா?"

"அதுக்கு முன்னாடி வரி."

"முன்னாடி நான் 'போடா, உன் பாட்டும் நீயும்'னேன்."

"அதுக்கு மேல?"

"அவன் என் கையைத் தட்டி விட்டான்."

"அதுக்கு மேல?"

ஆறுச்சாமி துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். மறுபடி போட்டார்.

"அம்மா செத்த அன்னிக்கு அது. அவன் வாய்க்கரிசி போட வந்தான். தடவிக்கிட்டே வந்தான். சனம் நெருக்கமா நின்னுச்சு. எங்க விழுந்துடுவானோன்னு..." நிறுத்தினார். "இல்லைங்க. அதுவும் பொய்யி. எனக்கு அவசரம், கோபம். 'கண்ணு தெரியாதவன் எதுக்குடா வர்றே, ஓரமா நில்லு'ன்னு சொன்னேன். கையைப் புடிச்சு இழுத்து நிறுத்தினேன்."

பூங்கொடி 'அதுக்கு மேல' என்று கேட்கவில்லை.

அவர் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு விசைப்பலகையில் அழிக்கும் விசையை விடாமல் தட்டும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அப்புறம் ஒற்றை விரலால் தட்டும் சத்தம். நிறுத்தி நிறுத்தி வந்தது.

இயந்திரம் உயிர் வந்ததுபோல் குத்தத் தொடங்கியது. மேசை அதிர்ந்தது. ஒரே ஒரு தாள் வெளியே வந்தது. அதுவும் பாதிதான் நிறைந்திருந்தது. ஆறுச்சாமி அதை மடிக்காமல் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து எடுத்துப் போனார்.

மறுநாள் போன் செய்தார்.

"தபாலாபீஸ்ல இதுக்கு ஸ்டாம்பே வேண்டாம்னுட்டாங்க அம்மிணி. பார்வையில்லாதவங்க தபாலுக்கு இனாமாம். நான் வாயே திறக்கலை. என் ஆயுசுல கேக்காம ஒண்ணு கிடைச்சது இதுதான்."

பத்து நாள் சத்தமில்லை.

மாசக் கடைசி வியாழக்கிழமை மதியம் படியில் தடதடவென்று சத்தம். ஆறுச்சாமி மூச்சு வாங்க வந்து நின்றார். கையில் தடித்த பழுப்புத் தாள்கள், நான்கு. கையால் ஒவ்வொன்றாகக் குத்திய புள்ளிகள். பேனாவால் ஓர் எழுத்துகூட இல்லை.

"பதில் போட்டிருக்கான்."

"நல்லதுங்கண்ணா."

"என்ன நல்லது. எனக்கு இது படிக்கத் தெரியாது. யார்கிட்டயும் குடுக்கவும் முடியாது. அவன் விரலு எனக்குக் குத்தினது." நான்காவது தாளை மேலே எடுத்து வைத்தார். அதன் அடியில் விரலை வைத்தார். "நாளை மறுநாள் வண்டி ஏறுறான். முழுசும் வேண்டாம் அம்மிணி. இந்தக் கடைசி வரி மட்டும் எப்படியாவது சொல்லிடுங்க. வரச் சொல்றானா, வேண்டாங்கறானா. அது தெரிஞ்சாப் போதும்."

"எனக்கும் பிரெய்ல் தெரியாதுங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது.

"உங்க மூலநிரல் அடைவைத் திறங்க" என்றாள்.

திறந்தார்.

"தமிழ்ப் பட்டியல்னு ஒரு கோப்பு இருக்கும். நாலாவதா வேண்டாம்னு தள்ளினீங்களே, அது. அதையும் திறங்க."

திறந்தார். ஒரு வரிக்கு ஓர் எழுத்து. அதன் பக்கத்தில் எத்தனை புள்ளி, எந்தெந்த இடத்தில் என்று எண்கள். எழுதி வைத்தவர் எதையும் மறைக்கவில்லை. ஆறுச்சாமி கீழே வரை உருட்டினார். மேலே வந்தார்.

"இதை வெச்சு நானே கூட்டிப் படிச்சுடலாமா?"

"படிக்கலாம்."

"எத்தனை நேரமாகும்?"

"நாளை மறுநாளுக்குள்ள முடியும்."

பூங்கொடி நான்காவது தாளை அவர் கையிலிருந்து வாங்கி அடியில் வைத்தாள். முதல் தாளை மேலே வைத்து நேராக்கினாள். அதன் இடப்பக்க மேல் மூலையில் அவர் விரலைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, தன் நாற்காலிக்குப் போனாள்.

"எத்தனை புள்ளிங்க?"

"ஒண்ணே ஒண்ணு. மேல."

"பட்டியல்ல?"

அவர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

"அ" என்றார்.

"அடுத்தது?"