அடித்தட்டில் ஆயில்

"எங்கேயிருந்து ஒழுகுதுன்னு மட்டும் சொல்லுங்க, மேஸ்திரி. யாரு செஞ்ச வேலைன்னு எனக்கே தெரியும்."

சந்தியாகு படகின் பின்பக்கப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார்.

அமலோற்பவம் மேஸ்திரி எட்டிப் பார்த்தார். சந்தியாகுவைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் தூத்துக்குடித் துறையில் அவர் ஒன்று சொன்னால் எஞ்சினே வாய் திறந்து சொன்ன மாதிரி.

கைமாறி வந்த படகு. ஸ்டெர்ன் டிரைவ் என்பார்கள். எஞ்சின் உள்ளே பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். புரொப்பல்லர் மட்டும் பின்னால் காலை நீட்டித் தண்ணீரில் தொங்கும்.

மஸ்கட்டில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய சந்தியாகு, சுற்றுலாக்காரர்களைத் தீவுப் பக்கம் அழைத்துப் போகலாமென்று வாங்கினார். விற்றவர் தஸ்நேவிஸ். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. எஞ்சினைத் தன் கையாலேயே பிரித்துப் பூட்டிக் கொடுத்தவர்.

வாங்கிய மாதமே பெட்டிக்குள் புகை. அடித்தட்டில் ஆயில்.

சந்தியாகு சும்மா இருக்கவில்லை. இங்கிலீஷ் கையேட்டை மடியில் விரித்துவைத்துப் பார்த்தார். புகைக்குழாய் கேஸ்கட்டை மாற்றினார். பின்பக்க ரப்பர் உறையை மாற்றினார். சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் ஒழுகல் அடைக்கிற பேஸ்ட்டை அப்பினார். புகையும் நிற்கவில்லை, ஆயிலும் நிற்கவில்லை.

வாயும் சும்மா இருக்கவில்லை. எல்லாம் தஸ்நேவிஸ் செய்த வேலை என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் சொன்னார். டீக்கடையில் சொன்னார். படகுச் சங்கத்துக்குத் தமிழில் ஒரு மனு எழுதி, எடுப்பாக இருக்கட்டுமென்று இங்கிலீஷிலும் ஒரு பிரதி வைத்தார்.

அதற்குப் பிறகு தஸ்நேவிஸிடம் யாரும் எஞ்சின் வேலை கொடுக்கவில்லை. அவர் வேம்பாருக்கு, ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைக்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை சங்கம் கூடுகிறது. மேஸ்திரி பார்த்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அப்புறம் தஸ்நேவிஸ் இந்தத் துறையில் ஒரு எஞ்சினையும் தொட முடியாது.

இத்தனையும் கேட்டுவிட்டு மேஸ்திரி ஒரு பழைய துணியை எடுத்து நீட்டினார்.

"துடைங்க, அண்ணாச்சி."

"துடைச்சுட்டேன்."

"உங்களுக்குத் தெரியுற இடத்தைத் துடைச்சிருக்கீங்க."

சந்தியாகு துடைத்தார். மேலே, கீழே, கை நுழையாத இடுக்கில் குச்சியில் துணி சுற்றி. காலையில் குனிந்தவர் வெயில் உச்சிக்கு ஏறும்போதுதான் நிமிர்ந்தார். மேஸ்திரி வந்து எஞ்சினின் அடியில் விரலை விட்டுத் தடவி, விரலைப் பார்த்து, இன்னொரு துணியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது துணி வெள்ளையாகவே வந்தது.

மேஸ்திரி தன் பையிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்தார். முகத்துக்குப் போடுகிற பவுடர். எஞ்சின் முழுக்கத் தூவினார். எஞ்சின், வெள்ளை உடுத்திக் கோயிலில் முதல் நன்மை வாங்கப் போகிற பிள்ளையைப்போல நின்றது.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

"ஒழுகுற இடத்தைக் கண்டுபிடிச்சதும் கூப்பிடவா?"

"கண்டுபிடிக்காதீங்க. பாத்துக்கிட்டு மட்டும் இருங்க."

எஞ்சின் ஓடியது. சந்தியாகுவின் கண் தானாகவே புகைக்குழாய்ப் பக்கம் போனது. அங்கே பவுடர் பவுடராகவே இருந்தது. பேஸ்ட் அப்பிய இடங்களும் அப்படியே.

மேலே, எஞ்சின் மூடியின் ஓரத்தில், ஊசி முனையளவு ஒரு கறுப்பு. அது கோடாக நீண்டு, வளைந்து வளைந்து அடித்தட்டுக்கு இறங்கியது.

ஆயில் அளக்கிற குச்சி தன் குழாயிலிருந்து தானாக எழும்பி நின்றது. அதைச் சுற்றியிருந்த பவுடரை ஏதோ ஊதிவிட்டது. பின்னாலேயே நீலப் புகை.

மேஸ்திரி சந்தியாகுவின் கையைப் பிடித்து அந்தக் குழாய் வாயில் வைத்தார். உள்ளங்கையில் வெதுவெதுப்பாக, விட்டு விட்டு, முட்டியது.

"இது சைலன்சர் புகையில்ல, அண்ணாச்சி. உள்ளேயிருந்து வருது. போக வழியில்லாம ஆயிலையும் கூட்டிக்கிட்டு வருது."

"வழி எங்கே?"

மேஸ்திரி எஞ்சினின் தலையிலிருந்து கிளம்பும் ஒரு ரப்பர் குழாயைத் தொட்டுக் காட்டினார். பிரீதர் குழாய். எஞ்சின் அதன் வழியாகத்தான் மூச்சு விடும். தொட்டதோடு சரி, கையை எடுத்துக்கொண்டார்.

சந்தியாகு குழாயைத் தடவிக்கொண்டே போனார். அது எஞ்சினின் முதுகுப் பக்கம் இறங்கி, பெட்டிச் சுவரோரம் திரும்பி, இருட்டுக்குள் நுழைந்தது. அதன் முனையில் விரல் துணியில் பட்டது.

திருகி இழுத்தார். தக்கை ஒன்று. அதைச் சுற்றி ஒரு கைக்குட்டை. ஆயில் ஊறிக் கறுத்திருந்தாலும் நீலக் கட்டம் தெரிந்தது.

எஞ்சின் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. குச்சி மெல்லக் கீழே இறங்கியது. மூடியோரத்துக் கறுப்புக் கோடு அதற்குமேல் நீளவில்லை.

சந்தியாகு கைக்குட்டையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

படகை மந்திரித்த நாள். சாமியார் வெள்ளை அங்கியில், கையில் தீர்த்தத்தோடு, படகில் கால் வைக்கப் போகிறார். இந்தக் குழாய் முனை ஆயில் கலந்த ஆவியைத் துப்பிக்கொண்டிருக்கிறது. அங்கியில் பட்டுவிடுமே என்று பதறி, பைக்குள் கிடந்த மஸ்கட் கைக்குட்டையைத் தக்கையில் சுற்றி அடைத்தவர் சந்தியாகு. பத்து நிமிஷத்துக்குத்தான். அப்புறம் மாலை, போட்டோ, பிரியாணி.

ஏழு மாசம் ஆகிறது.

மேஸ்திரி எஞ்சினை அணைத்தார். சந்தியாகு தானாகவே ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லி முடித்ததும், மனுவை இன்றைக்கே திரும்ப வாங்கிவிடுவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலிலேயே நின்று எல்லாரிடமும் சொல்வதாகச் சொன்னார். எந்த மொழியில் எழுதிக் கொடுக்கவும் தயார் என்றார்.

"முதல்ல வேம்பாருக்குப் போங்க" என்றார் மேஸ்திரி.

சந்தியாகு கைக்குட்டையைக் கடல் தண்ணீரில் அலசக் குனிந்தார்.

"அலசாதீங்க. அப்படியே கொண்டு போங்க."

வேம்பாரில் ஐஸ் கம்பெனி வாசலில், கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு தஸ்நேவிஸ் நின்றிருந்தார். சந்தியாகுவைக் கண்டதும் கோணியை இறக்கி, மடித்து, உட்காரப் போட்டுக் கொடுத்தார்.

சந்தியாகு உட்காரவில்லை. வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த சொல்லோடு பைக்குள் கையை விட்டார்.

தஸ்நேவிஸ் முந்திக்கொண்டார். நானே ஒருநாள் வரணும்னுதான் இருந்தேன் என்றார். வெட்கமாக இருந்ததால் வரவில்லையாம். ராத்திரி படுத்தால் அந்த எஞ்சினை மனசுக்குள்ளேயே பிரித்துப் பூட்டுகிறாராம். ஒவ்வொரு போல்ட்டாக.

"கடைசியில பிடிபட்டுச்சு, சந்தியாகு. மேல் மூடி கேஸ்கட்டுதான். அன்னிக்கு அவசரத்துல கோணலா வெச்சிருக்கேன். நீ சொன்னது சரி. என் வேலைதான். மன்னிச்சிரு."

சந்தியாகு தலையை ஆட்டினார். இல்லை என்றுதான் ஆட்டினார்.

"இப்ப எஞ்சினைத் தொடுறதில்ல. போன மாசம் இங்கே ஒருத்தன் கூப்பிட்டான். ஸ்பானரைக் கையில எடுத்தேன். நடுங்குது. ஐஸுன்னா பரவாயில்ல. உடைஞ்சாலும் ஐஸுதானே."

சந்தியாகு பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார். தக்கை அதற்குள்ளேயே இருந்தது.

தஸ்நேவிஸ் வாங்கினார். விரித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"பிரீதரா?"

"ஆமா."

"எப்ப இருந்து?"

"மந்திரிச்ச நாள்ல இருந்து. நான்தான்."

தஸ்நேவிஸ் கைக்குட்டையைக் கோணியின் மேல் வைத்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்து, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.