வால்வுப் பெட்டிக்கு வந்த வழக்கு

வல்லக்குடி மன்னர் மகிபால பூபதிக்கு இரண்டு பைத்தியம். ஒன்று பாட்டுக் கேட்பது, மற்றது பாடுவது. முதலாவதால் யாருக்கும் கெடுதல் இல்லை.

இசை மண்டபத்தில் இசைத்தட்டுப் பாட்டைப் பெருக்கி ஒலிக்கவைக்க அவர் தாத்தா வாங்கிய வால்வு ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒன்று இருந்தது. சூடேறி வாயைத் திறக்கவே ஐந்து நிமிஷம் ஆகும். அதைத் துடைத்து, வால்வு மாற்றி, கண்போலக் காத்துவந்தவர் இசக்கிமுத்து. திவான் நரசிங்கராயரின் மைத்துனரோ புது ஸ்டீரியோ செட்டு விற்பவர். திவானுக்குத் திடீரென்று சங்கீத ஞானம் வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

"மகாராஜா, அந்தக் கிழட்டுப் பெட்டி எல்லாவற்றையும் மழுப்புகிறது. புது செட்டு உள்ளதை உள்ளபடி சொல்லும்" என்றார் திவான்.

"நாளைக்கு இரண்டையும் கேட்போம். தோற்றது பழைய இரும்புக்கடைக்கு. பழசு தோற்றால் இசக்கிமுத்துவும் வீட்டுக்குப் போகலாம்" என்றார் மன்னர்.

இசக்கிமுத்து அவைப்புலவர் திருமலைக்கொழுந்திடம் ஓடினார். அந்த அரண்மனையில் சிக்கலென்றால் எல்லாரும் அவரிடம்தான் ஓடுவார்கள்.

"ஐயா, எனக்கு மூணு பொண்ணுக. இந்த வயசுல யாரு வேல குடுப்பா?"

"அந்தப் புது செட்டு எப்படி?"

"பொய் சொல்லப்படாது. ரொம்பத் துல்லியம். ஒண்ணயும் விடாது."

"அது போதும். போய் நிம்மதியாகத் தூங்கும்."

மறுநாள் சபை கூடியது. எந்த இசைத்தட்டைப் போடுவது என்று பேச்சு வந்தது.

"மகாராஜா பாடிய கல்யாணி ராகத் தட்டு இருக்கும்போது வேறு எதற்கு?" என்றார் திருமலைக்கொழுந்து. மன்னர் முகம் மலர்ந்தது.

முதலில் பழசு. குரல் இதமாக வந்தது. சுருதி நழுவிய இடங்களைப் பெட்டியின் இரைச்சல் போர்த்திவிட்டது. சபை தலையாட்டியது.

அடுத்து புதுசு. மன்னருக்கு மூச்சு வாங்கியது கேட்டது. அவர் வெற்றிலை மென்றது கேட்டது. மேல் ஸ்தாயியில் குரல் வழுக்கி விழுந்தது பளிச்சென்று கேட்டது. பக்கத்தில் மிருதங்கக்காரர் விட்ட பெருமூச்சுகூடக் கேட்டது. சபையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"திவான், இது உள்ளதை உள்ளபடி சொல்கிறதா?" என்று கேட்டார் மன்னர்.

ஆமாம் என்றால் தலை போகும், இல்லை என்றால் மைத்துனர் வியாபாரம் போகும். திவானுக்குத் தலை கொஞ்சம் நெருங்கிய உறவு.

"செட்டில்தான் கோளாறு, மகாராஜா."

புது செட்டு அன்றே வண்டியேறியது. இசக்கிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியையும் துடைத்தார்.

சபை கலைந்ததும் மன்னர் புலவரைத் தனியே அழைத்தார். "உண்மையைச் சொல்லும். எந்தப் பெட்டி பொய் சொன்னது?"

"இரண்டும் சொல்லவில்லை, மகாராஜா. பழையது மூன்று தலைமுறையாக அரண்மனையில் வேலை பார்க்கிறது. எதைச் சொல்லக் கூடாது என்று அதற்குத் தெரியும்."

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். பரிசும் கொடுத்தார்: தம் அடுத்த கச்சேரிக்கு, முதல் வரிசையில், தமக்கு நேர் எதிரே ஒரு நாற்காலி.