பிடியரிசிச் சங்கத்தின் மூன்றாவது சாவி

'இது என் சாவி இல்லையே, ஆண்டவரே. யாருக்கோ விழவேண்டிய சீட்டு என் பெயரில் விழுந்துவிட்டது. ஊருக்கே தெரிந்தது உமக்குத் தெரியாதா? தெரிந்தும் ஏன் பேசாமல் இருக்கிறீர்?'

உப்புப் பாத்தியில் கணுக்கால் நீரில் நின்று, நீண்ட பலகையால் உப்பை வாரிக் கரையில் ஒதுக்கிக்கொண்டே, ஞானவடிவு அம்மையார் விடியற்காலைகளில் தம் ஜெபத்தை இப்படித்தான் தொடங்குவார். உதடு அசையாது. பக்கத்தில் வாருகிற பெண்கள் அவர் கூலிக் கணக்குப் பார்க்கிறார் என்றே நினைத்துக்கொள்வார்கள். பாதங்கள் இரண்டும் உப்புத் தின்று வெடித்திருக்கும். கழுத்தில், தாலி இருந்த இடத்தில், கறுப்புக் கயிற்றில் கோத்த ஓர் இரும்புச் சாவி தொங்கும். உப்புக் காற்றில் அது துருப்பிடிக்காமலிருக்க இரவு படுக்குமுன் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பார். வெடித்த காலுக்குத் தடவ எண்ணெய் மிஞ்சாத நாட்களும் உண்டு.

அந்தச் சாவி அவரிடம் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

முள்ளிக்கரைத் தாய்ச் சபையைச் சுற்றிக் கடலோரத்திலும் தேரிச் செம்மணலிலும் ஒன்பது சின்னஞ்சிறு ஊர்கள் கிடந்தன. பத்து வீடு இருந்தால் அங்கே ஒரு பனையோலைக் கோயில் இருக்கும். அந்தக் கோயில்களுக்கு விளக்கெண்ணெய் வாங்கவும், கூரை மாற்றவும், உபதேசியாருக்குப் படி அளக்கவும் முன்னோர் ஒரு சங்கம் வைத்திருந்தனர். அதற்கு நீண்ட பெயர் ஒன்று உண்டு. சனங்கள் பிடியரிசிச் சங்கம் என்பார்கள். பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். கலயம் நிறைந்ததும் கோயிலில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதை ஏலம் விட்டு வரும் பணமும் மற்றக் காணிக்கைகளும் கோயில் உள்ளறையிலிருந்த இரும்புப் பெட்டிக்குள் போகும்.

பெட்டிக்கு மூன்று பூட்டுகள். ஒரு சாவி குருவானவரிடம், ஒன்று பொருளாளரிடம். மூன்றாவது, பிடியரிசி போடுகிற பெண்களில் ஒருத்தியிடம் இருக்க வேண்டும் என்பது முன்னோர் எழுதிவைத்த விதி. மூவரும் ஒருமனப்பட்டால்தான் பெட்டி திறக்கும். ஓர் ஊருக்கென்று கொடுத்தது அந்த ஊருக்கே போக வேண்டும் என்பதும் அவர்களே எழுதிய விதிதான். மூன்றாம் சாவிக்காரியைத் தேர்ந்தெடுப்பது திருவுளச்சீட்டு. அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள், வந்த கலயங்களுக்குரிய பெண்களின் பெயர்களைச் சீட்டுகளில் எழுதிப் பானையில் போடுவார்கள். ஜெபத்துக்குப் பின் குருவானவரின் மனைவி, ஐயரம்மா, ஒன்றை எடுப்பார்.

அந்த ஆண்டு சீட்டு எழுதியவர் புதிதாக வந்திருந்த உபதேசியார். கலயத்தை யார் கொண்டுவந்தாரோ அவர் பெயரை எழுத வேண்டும் என்று அவர் புரிந்துகொண்டார். ஞானவடிவு அம்மையாரோ தம் கலயத்தோடு, நடக்கமாட்டாத முதியவர்கள், பிள்ளை பெற்றுக் கிடந்தவர்கள், கண் தெரியாதவர்கள் என்று கள்ளிவிளையிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் கலயங்களைக் கடகப்பெட்டியில் அடுக்கித் தலையில் சுமந்து, வெயிலில் பலமுறை போய்வந்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் உபதேசியார் அவர் பெயரையே எழுதிப் போட்டார். ஐயரம்மா எடுத்த சீட்டில் அந்தப் பெயர்தான் இருந்தது.

உப்பளத்துக் கூலிக்காரியா என்று முணுமுணுப்பு எழுந்தது. யாரோ பானையைக் கவிழ்த்தார்கள். பாதிச் சீட்டில் ஒரே பெயர். கோயிலுக்குள் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. உபதேசியார் தலைகுனிந்து நின்றார். மறுபடி போடலாம் என்றார்கள் சிலர். குருவானவர் எலியேசர் ஐயர்தான், "ஜெபம் பண்ணி எடுத்தாச்சு. விழுந்தது விழுந்ததுதான்" என்று முடித்துவைத்தார்.

அன்றிலிருந்து அம்மையாருக்குத் 'தப்புச்சீட்டு' என்று பட்டப்பெயர்.

"ஏளா, தப்புச்சீட்டு வாரா பாரு, பெட்டிய மூடுங்க!"

"பெட்டியத் தொறக்க ஒன் சாவி. ஒன் வீட்டுக் கதவத் தொறக்க என்னட்டி இருக்கு? கதவே இல்லியே!"

உப்பளத்துப் பெண்கள் சிரிப்பார்கள். அம்மையாரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பு பொய்யில்லை. ஆனால் வீடு திரும்பும் வழியில் அது தானாகக் கழன்று விழுந்துவிடும். மற்றவர்கள் கேலி செய்தது அவருக்கு நோகவில்லை. அவர்கள் சொன்னதைத் தாமும் நம்பியதுதான் நொந்தது. நான் கூப்பிடப்படாமல் வந்து பந்தியில் உட்கார்ந்தவள், என்றைக்காவது ஆண்டவர் என்னை எழுப்பிவிடுவார் என்கிற எண்ணத்தோடுதான் நற்கருணைக்கும் அவர் கடைசி ஆளாகப் போய் முழங்காலிடுவார்.

எண்ணம் அப்படி இருந்ததே தவிர, கை ஒருநாளும் தவறியதில்லை. கணவர் தங்கையா மஞ்சள் காமாலையில் இறந்து, அடக்கம் முடிந்த அன்று மாலை, பக்கத்து வீட்டுப் பெண் வந்து உலை வைத்துக் கொடுத்தார். அம்மையார் எழுந்து வந்து, களைந்து வைத்திருந்த அரிசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அரிசிப் பானையிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டார்.

"புருசனப் பொதைச்ச அன்னைக்குமாளா பிடியரிசி?" என்றார் அந்தப் பெண், தாங்கமுடியாமல்.

"இன்னைக்கு அவிய சாப்பாடு மிச்சந்தான மைனி. அதுலதான் எடுத்தேன்."

அந்த ஆண்டு ஐப்பசிக் காற்றில் கள்ளிவிளைக் கோயிலின் கூரை முழுவதும் பிய்த்துக்கொண்டு போயிற்று. பனையோலை இனி வேண்டாம், ஓடு போட்டுக் கொடுப்போம் என்று சங்கம் தீர்மானித்தது. ஒன்பது ஊர்ப் பெண்களும் கள்ளிவிளைக்கென்றே கலயம் வைத்தார்கள். சிலர் ஒரு பிடியை இரண்டாக்கினார்கள். அடுத்த மழைக்குள் கூரை ஏறுகிற அளவுக்குப் பெட்டியில் பணம் சேர்ந்தது.

அப்போதுதான் தாய்ச் சபையின் நூற்றாண்டு விழாவுக்குப் பேராயர் வருவதாகச் செய்தி வந்தது. கோபுரம் விரிசல் விட்டிருந்தது. மணி தொங்கும் உத்தரத்தைக் கறையான் அரித்திருந்தது. பொருளாளர் ஜெபத்துரை கெட்டவர் அல்லர். அந்தக் கோபுரத்தைக் கட்டியது அவருடைய பாட்டனார். மணி அடிக்கும்போதெல்லாம் எங்கே இறங்கிவிடுமோ என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். கள்ளிவிளைப் பணத்தைக் கடனாக எடுத்து இதைச் செய்துவிடலாம், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் திருப்பிவைத்துவிடலாம் என்றார். எலியேசர் ஐயர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், மனமில்லாமல், சரி என்றார்.

மிஞ்சியது மூன்றாம் சாவி.

"அது யாரு, நம்ம அளத்துல வாருற புள்ளதான?" என்று கமிட்டியில் யாரோ கேட்டார்கள். ஜெபத்துரை புன்னகைத்தார். உப்பளம் அவருடையதுதான்.

கேட்டனுப்பியபோது அம்மையார், "ஓடு போட்டு முடியட்டும், மொதலாளி. அப்புறம் தொறப்போம்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலை பாத்தியில் இறங்கப் போனவரைக் கங்காணி கரையிலேயே நிறுத்திவிட்டார். "ஒன்னைய நாளைக்கும் வரவேண்டாம்னாவ." முதலாளி அப்படிச் சொன்னாரா, அவர் முகத்தைப் பார்த்துக் கங்காணி தாமாகச் சொன்னாரா என்பது யாருக்கும் தெரியாது. கேள்விப்பட்ட பின்னும் ஜெபத்துரை அதை மாற்றவில்லை.

வீட்டில் மகள் எப்சி இருந்தாள். அவளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள்.

"எம்மா, நீ யாருக்குப் பயப்படுத? பெட்டி உன்னுதா, பணம் உன்னுதா? ஐயரே சரின்னுட்டாவ. உனக்கு மட்டும் என்ன தனி வேதமா?"

அம்மையார் அடுப்பின் முன் உட்கார்ந்தார். உலைப் பானையில் போட அன்று இருந்தது இரண்டு பிடி அரிசி. எப்சி பார்த்துக்கொண்டே இருந்தாள். தாயின் கை ஒரு பிடியை எடுத்தது. காற்றில் சற்று நின்றது. பின் கலயத்தில் இறங்கியது. எப்சி எழுந்து வெளியே போய் அழுதுவிட்டு வந்து, கஞ்சியில் தண்ணீரைக் கூட்டி ஊற்றினாள்.

மகள் கேட்ட கேள்வி அம்மையாரை விடவில்லை. அவள் சொன்னது சரிதானே. படித்தவர்கள் இருவர் திறக்கச் சொல்கிறார்கள். தவறி வந்தவள் நான் தடுக்கிறேன். இது விசுவாசமா, வீம்பா? சாவியைக் கழுத்தில் போட்ட நாளிலிருந்து எனக்குள்ளே ஒரு சின்னப் பெருமை எங்கோ முடங்கிக் கிடந்து, இன்று எழுந்து உட்கார்ந்திருக்கிறதோ? இப்படித் தம்மையே கிளறிக் கிளறிப் பார்த்தார். கடைசியில் சாவியை ஐயரிடம் ஒப்படைத்துவிடுவது என்று முடிவு செய்தார். முடிவு செய்ததும் சுமை இறங்க வேண்டும். இறங்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம், கடைசியாக ஒருமுறை என்று எண்ணிக் கள்ளிவிளைக்கு நடந்தார். கோயிலுக்கு நான்கு சுவர் இருந்தது, மேலே வானம் இருந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே பத்துப் பதினைந்து பேர், பெரும்பாலும் முதியவர்கள், தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். கண் தெரியாத மாசிலா அம்மாள் அரிசி புடைக்கும் சுளகு ஒன்றைத் தூக்கி விளக்குக்கு மேலே பிடித்திருந்தார். விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அதன் சூட்டைக்கொண்டே கண்டுபிடித்திருப்பார் போலும்.

"வடிவா? காலடிச் சத்தமே சொல்லுதே" என்றார் மாசிலா அம்மாள். "கலயமெல்லாம் நெறஞ்சு இருக்கு தாயி. நீ வருவியோ மாட்டியோன்னு இருந்தோம். வேலைய விட்டு நிப்பாட்டிட்டாவளாமே. எங்களுக்காவத்தானா?"

"இல்ல பெரியம்மை. சும்மாதான்."

"சும்மா யாரு நிப்பாட்டுவா? போ, பொய் சொல்லாத. கலயத்தத் தூக்கு."

அம்மையார் குனிந்து, அந்த நனைந்த கலயத்தை எடுத்து இடுப்பில் வைத்தார். எத்தனையோ முறை தூக்கிய கலயம். அப்போது அவருக்குள் ஒரு சொல் கேட்டது. காதில் கேட்டதா, நெஞ்சில் கேட்டதா என்று பின்னாளில் அவர் ஒருபோதும் பிரித்துச் சொன்னதில்லை. கேட்டது என்று மட்டும் சொன்னார்.

'மகளே, யார் யார் கலயத்தை நீ சுமந்தாயோ அவர்கள் பெயருக்கெல்லாம் அன்று உன் பெயர் எழுதப்பட்டது. அவர்களுடைய சாவியை நான் வேறு யாரிடம் கொடுப்பேன்?'

தூறல் நிற்கவில்லை. விளக்கு அணையவும் இல்லை. கலயம் இடுப்பில் இருக்க, அம்மையார் ஈரத் தரையில் அப்படியே முழங்காலிட்டார். இத்தனை காலம் பந்தியின் ஓரத்தில் எழுந்துபோகத் தயாராக உட்கார்ந்திருந்தவர், அன்றுதான் சம்மணமிட்டு அமர்ந்ததுபோல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஜெபத்துரை அவர் குடிசைக்கு வந்தார். தனியாக வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார்; அதைப் பார்த்த எப்சி திடுக்கிட்டுப் பாயை விரித்தாள். அவர் உட்காரவில்லை.

"வடிவு, நான் சண்டைக்கு வரல. கங்காணி செஞ்சது தப்பு. நாளைக்கே வேலைக்கு வா. புள்ள கல்யாணத்துக்கும் என்ன வேணுமோ சொல்லு. சாவிய மட்டும் என்கிட்ட குடுத்திரு. ஒனக்கு எதுக்கு இந்தப் பாரம்?"

அம்மையார் செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அவர் வாங்கிக் குடித்தார். குடித்துக்கொண்டே வாசல் வழியாகக் கோபுரம் இருந்த பக்கம் அண்ணாந்து பார்த்தார். அந்தப் பார்வையை அம்மையார் கண்டார். பாட்டனார் கட்டிய கோபுரம் தம் காலத்தில் விழுந்துவிடுமோ என்று பயப்படுகிற ஒரு பிள்ளை அந்தக் கனத்த உடம்புக்குள் நிற்பது அவருக்குத் தெரிந்தது. அவர்மேல் இரக்கம் பொங்கிவந்தது.

"கோபுரத்துக்கும் கலயம் வைப்போம். இன்னைக்கே தொடங்குதேன். ஒம்பது ஊருக்கும் நானே போய்ச் சொல்லுதேன். உங்க தாத்தா கட்டுனதுன்னா ஒரு பிடி போடமாட்டாவளா?"

"அது சேர ரெண்டு வருசமாவும். பேராயரு அடுத்த மாசம் வாராரு. விரிசல் உட்ட கோபுரத்தையா காட்டச் சொல்லுத?"

"கள்ளிவிளையில பெரியம்மை சுளகப் பிடிச்சிட்டு உக்காந்திருக்காவ. அதையும் காட்டுவோம்."

ஜெபத்துரை செம்பைக் கீழே வைத்தார். குடிசைக் கூரையிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்த இடத்தில் எப்சி ஒரு சட்டியை நகர்த்தி வைத்தாள். பின்பு அவர், கெஞ்சுகிற குரல் என்றே சொல்ல வேண்டும், "குடுத்திரு வடிவு" என்று கையை நீட்டினார்.

அம்மையாரின் விரல்கள் கழுத்துக் கயிற்றைத் தொட்டன. ஊர் தப்பு என்று சிரித்ததைத் தேர்ந்தெடுத்த ஆண்டவரின் கை எவ்வளவு நிதானமுள்ளது! அது தொட்டு வைத்த இடத்தில் அசையாமல் நின்ற இந்த அன்னையின் பாதங்கள், உப்பால் வெடித்த அந்தப் பாதங்கள், வாழ்க. அவர் சாவியை மாராப்புக்குள் திரும்ப விட்டுக்கொண்டார். வாழ்நாளெல்லாம் முதலாளி என்றே அழைத்தவரை, அன்று முதன்முறையாக வேறு பெயரால் அழைத்தார்.

"என் சாவியா இருந்தா குடுத்திருப்பேன், அண்ணாச்சி."