பேச்சாயி பிடுங்கிய பயிர்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். நல்ல மனிதர்தான். மூன்று வேளையும் சோறு உண்பார், ஆனால் நெல் விளைவதை ஒருநாளும் பார்த்ததில்லை. திடீரென்று அவருக்கு வயல் பார்க்கும் ஆசை வந்தது. விகடகவி சடையாண்டியும், அவனைக் கண்டாலே ஆகாத மந்திரி மங்கைபாகரும் கூடப் போனார்கள்.

ஊர் எல்லையில், புருஷனை இழந்த பேச்சாயி தன் நாற்றங்காலில் பெண்களோடு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தாள். பச்சைப் பாய் விரித்ததுபோல் நெருக்கமான இளம்பயிர். அதை வேரோடு பிடுங்கிக் கட்டுக்கட்டாகப் போடுவதைக் கண்டு ராஜா பதறிப்போனார்.

"வளரும் பயிரை அழிக்கிறாளே!"

பறித்த நாற்றைத்தான் வயலில் நடவேண்டும் என்பது மந்திரிக்குத் தெரியும். ஆனால் அந்த நிலம் சடையாண்டி சொல்லி ராஜா கொடுத்தது. சும்மா விடுவாரா?

"அக்கிரமம், மகாராஜா! தகுதியற்றவளுக்கு நிலம் கொடுத்தால் இப்படித்தான்."

"பிடுங்கிய பயிரெல்லாம் பொழுது சாய்வதற்குள் மண்ணில் நட்டாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் நிலம் பறிமுதல்!" என்று சொல்லி ராஜா பல்லக்கில் ஏறினார்.

பேச்சாயி சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள். "மறுபடி நாத்தங்கால்லயே நட்டா அம்புட்டும் பதராப் போயிருமே, சாமி! எம்புள்ளைங்க எதைத் திங்கும்?"

அவள் அழுகை சடையாண்டிக்குத் தாங்கவில்லை.

"அழுவாத தாயி. மண்ணுல நடணும்னாரு. எந்த மண்ணுன்னு சொன்னாரா? நீ உழுது வெச்ச வயலு என்ன, ஆகாசத்துலயா இருக்கு?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அன்றைக்குச் செய்ய இருந்த வேலையே ராஜ கட்டளையாகிவிட்டது! பொழுது சாய்வதற்குள் வயல் முழுதும் நடவு முடிந்தது.

மறுநாள் சபையில் மந்திரி குதித்தார். "மோசடி, மகாராஜா! இருந்த இடத்தில் நடவில்லை. வேறு வயலில், சாண் சாணாக இடம் விட்டு நட்டிருக்கிறாள்!"

ராஜாவின் முகம் சிவந்தது. சடையாண்டி கைகூப்பினான். "பிரபு, உணவுக்குப் பின் விசாரியுங்கள். இன்று பரிமாறும் பொறுப்பை மட்டும் அடியேனுக்கு அருள வேண்டும்."

சரி என்றார் ராஜா. பந்தியில் பார்த்தால், மந்திரிக்கும் பதினொரு பிரதானிகளுக்கும் சேர்த்து ஒரே வாழையிலை! ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் இடித்தது. மந்திரியின் அப்பளத்தை யாரோ தின்றுவிட்டார்கள்.

"இதென்ன கூத்து?" என்று கத்தினார் மந்திரி. "இப்படி நெருக்கினால் யார் வயிறு நிறையும்? ஆளுக்கோர் இலை போட்டுத் தள்ளி உட்கார வையும்!"

"பேச்சாயியின் நாற்றும் இதையேதான் கேட்டது, மந்திரியாரே."

கவளத்தோடு ராஜாவின் கை பாதியில் நின்றது. புரிந்ததும், புரையேறும் வரை சிரித்தார். தம் முத்து மாலையைக் கழற்றிச் சடையாண்டிக்குப் போட்டார். நிலம் பேச்சாயிக்கே என்றார்.

"இது உமக்கு முன்பே தெரியுமா?" என்று மந்திரியைக் கேட்டார். "தெரியும், மகாராஜா" என்று மந்திரி ஒப்புக்கொண்டார்.

அடுத்த நடவுக்கு, ராஜா விதித்த தண்டனைப்படி, மந்திரி நாற்றுக்கட்டு சுமந்து வந்தார். ராஜாவே சேற்றில் இறங்கி முதல் நாற்றை நட்டார்.

"இம்புட்டு ஆழமா நடாதீங்க ராசா" என்றாள் பேச்சாயி. "புடுங்கிட்டு மறுபடி நடுங்க."

ராஜா சிரித்துக்கொண்டே பிடுங்கினார்.